பிளாஸ்டிக் பைத் தடையும் குடியானவர்களும்

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கடைப்பைகள் 2019-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி முதல் தடை செய்யப்பட்டுள்ளன. இதைப்பற்றி ஜனங்களிடையே இருவித அபிப்பிராயங்கள் உண்டு. பழைய பைகளைச் சேகரித்து உருக்கி மறுபடி உபயோகிக்கலாமே, தடை எதற்கு என்பர் சிலர். ஆனால் மெல்லிய பை எடையற்றது; சோறும் மண்ணும் ஒட்டியபின் அதைப் பொறுக்கிச் சுத்தம் செய்வது எவருக்கும் கட்டுப்படியாவதில்லை. ஆகவே அது குப்பையோடு எருக்குழியையும், எருவோடு வயலையும் அடைகிறது. அங்கே மக்காமல் கிடந்து, நீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கிறது. மிச்ச உணவோடு பையையும் விழுங்கும் மாட்டுக்கு இரைப்பை அடைபட்டு, அசைபோடுதல் நின்று, உயிருக்கே அபாயம் நேரிடலாம்.

2021 டிசம்பரில் அரசாங்கத்தார் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை ஆரம்பித்தனர். சந்தைக்குத் துணிப்பையுடன் செல்வதும், எருக்குழியில் பிளாஸ்டிக் விழாமல் காப்பதும் குடியானவர்களுக்கே லாபம். கிராம அதிகாரிகள் இதில் முன்மாதிரியாயிருப்பது நலம்.