தனுஷ்கோடியில் ஒரு நாள்!



முதலில் ஓர் உண்மையை உங்களிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆசிரியர்களும் சில நேரம் பொய் சொல்வது உண்டு. நானே சொல்லியிருக்கிறேன்!

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, ஏழாம் வகுப்பில் சமூக அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் தமிழ்நாடு வரைபடம் வரைந்து, கிழக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டி, "இதுதான் தனுஷ்கோடி. 1964 புயலில் அழிந்துபோன ஊர்" என்றேன். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், நீங்க அங்க போயிருக்கீங்களா?"

நான் போனதே இல்லை. ஆனால், "ஓ... போயிருக்கேனே!" என்று சொல்லிவிட்டேன். அவன் விடவில்லை. "இப்போ அங்க எப்படி சார் இருக்கும்?" என்றான். "வெறும் மணல்தான். மனுஷங்க யாருமே கிடையாது" என்று சொல்லி உட்காரவைத்தேன்.

அந்தக் கேள்வி என் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு, ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தோளில் ஒரு துணிப்பை, குடை, தண்ணீர் பாட்டிலுடன் மதுரையில் ரயில் ஏறினேன். துணைக்கு யாரும் இல்லை. நான் மட்டும்தான்!

கடல் மேல் ரயில்!

மண்டபத்தைத் தாண்டியதும் பெட்டியில் இருந்த எல்லோரும் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். பாம்பன் பாலம் வந்துவிட்டது! ரயில் மெதுவாக ஊர்ந்தது. இரண்டு பக்கமும் கடல்.

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி, இரண்டு கைகளை விரிப்பதுபோல இரு பக்கமும் தூக்கிக்கொள்ளும். நூறு ஆண்டுகளுக்கும் மேல் உழைத்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, லிஃப்ட் போல அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். கப்பல் அதன் அடியில் போய்விடும். எவ்வளவு அருமையான யோசனை, பார்த்தீர்களா?

ஆண் கடல், பெண் கடல்

ராமேஸ்வரத்தில் இறங்கி, அரசுப் பேருந்தில் ஏறினேன். அங்கிருந்து தனுஷ்கோடி முனைக்குச் சுமார் 20 கிலோ மீட்டர். 2017-ல்தான் கடைசி முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன்பு மணலில் போகும் வேன்களும் ஜீப்புகளும்தான்.

சாலையின் வலது பக்கம் மன்னார் வளைகுடா. இடது பக்கம் பாக் நீரிணைக் கடல். வலது பக்கம் அலைகள் ஆளுயரத்துக்கு எழுந்து கர்ஜித்தன. இடது பக்கமோ, நம் ஊர்க் கண்மாய் போல அமைதியாகக் கிடந்தது! நடுவில் ஒரு மணல் திட்டுதான். இங்குள்ள மீனவர்கள் சீறும் கடலை 'ஆண் கடல்' என்றும், அமைதியான கடலை 'பெண் கடல்' என்றும் சொல்கிறார்கள்.

காரணம் என்ன தெரியுமா? நான் போனது தென்மேற்குக் காற்று வீசும் காலம். அது மன்னார் வளைகுடா பக்கமிருந்து வந்து மோதுகிறது. மணல் திட்டு தடுப்புச் சுவர் போல நிற்பதால், மறுபக்கம் அமைதி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வீசும்போது பாக் நீரிணைப் பக்கமும் சீறத் தொடங்கிவிடும்.

கடைசி முனையின் பெயர் அரிச்சல்முனை. அங்கே சிங்கத் தலைகளுடன் ஒரு தூண் நிற்கிறது. மூன்று பக்கமும் கடல். 'தனுஷ்' என்றால் வில், 'கோடி' என்றால் முனை. வரைபடத்தில் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும். சுமார் 30 கிலோ மீட்டர் அப்பால் இலங்கையின் தலைமன்னார். இடையில் கடலில் வரிசையாக மணல் திட்டுகள். அவற்றைத்தான் ராமர் பாலம், ஆதாம் பாலம் என்கிறார்கள்.

நீரோட்டம் ஆபத்தானது என்பதால் அங்கே யாரும் குளிக்கக்கூடாது. அமைதியாகத் தெரியும் கடலை நம்பி இறங்கிவிடாதீர்கள்!

ஓர் இரவில் அழிந்த ஊர்

திரும்பும் வழியில் பழைய தனுஷ்கோடியில் இறங்கினேன். கூரை இல்லாத தேவாலயம், இடிந்த சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சங்கள். சுவர்களை உற்றுப் பார்த்தால், கல்லில் பூப்பூவாகக் கோலம் தெரிகிறது. அவை பவளப்பாறைக் கற்கள்!

ஒரு காலத்தில் இது பரபரப்பான துறைமுகம். சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ரயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கலாம். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். பிறகு மீண்டும் ரயிலில் கொழும்பு! தபால் நிலையம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, சுங்க அலுவலகம் எல்லாம் இங்கே இருந்தன.

1964 டிசம்பர் 22 இரவு. கடும் புயல். பனைமரத்தை மிஞ்சும் அலைகள் வந்ததாகப் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாம்பனில் இருந்து வந்த பயணிகள் ரயில், தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது அலையில் சிக்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்தப் புயலில் இந்தியாவிலும் இலங்கையிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு, தனுஷ்கோடி மக்கள் வசிக்கத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தை மட்டும் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீரமைத்தார்கள். தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவே இல்லை.

இன்று செயற்கைக்கோள்கள் புயலைப் பல நாட்களுக்கு முன்பே காட்டிவிடுகின்றன. எச்சரிக்கை வந்தால் அலட்சியம் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

இதுதான் எங்க ஊரு!

உச்சி வெயில். காற்றில் மணல் பறந்து முகத்தில் ஊசியாகக் குத்தியது. பாட்டிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தலை சுற்றியது. குடையும் காற்றில் மடங்கிவிட்டது. இடிந்த சுவர் ஒன்றின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னய்யா, தண்ணி வேணுமா?" என்று ஒரு குரல். சங்கு, பாசிமணி விற்கும் ஓர் அம்மா. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் அவருடைய மகள். பத்து வயது இருக்கும்.

அந்தச் சிறுமி என்னை அவர்களுடைய ஓலைக் குடிசைப் பக்கம் அழைத்துப் போனாள். மணலில் ஒரு சிறிய பள்ளம். அதில் தெளிந்த நீர். அகப்பையால் மொண்டு, வடிகட்டிக் கொடுத்தாள். குடித்துப் பார்த்தேன். உப்பே இல்லை! கூப்பிடு தூரத்தில் கடல்!

"எவ்வளவு ஆழம் தோண்டுவீங்க?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்தான் தாத்தா. ஆழமாத் தோண்டினா உப்பு ஏறிடும்" என்றாள்.

எவ்வளவு பெரிய அறிவியல்! மழைநீர் மணலுக்குள் இறங்கித் தங்குகிறது. உப்பு நீரைவிட நல்ல நீர் எடை குறைவு. அதனால் அடியில் இருக்கும் கடல் நீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. மேலாகத் தோண்டினால் நல்ல நீர், ஆழமாகப் போனால் உப்பு நீர். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் எனக்குப் புரியவைத்தது அந்தக் குழந்தைதான்.

"நீ எந்த ஊரும்மா?"

"இதுதான் தாத்தா எங்க ஊரு. தனுஷ்கோடி" என்றாள், இதென்ன கேள்வி என்பதுபோல.

எனக்குச் சுருக்கென்றது. 'மனுஷங்க யாருமே கிடையாது' என்று வகுப்பில் சொன்னேனே! மீன் பிடித்தும், சங்கு விற்றும் மீனவக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. பிள்ளைகள் படிக்க அரசுப் பள்ளியும் இருக்கிறது. "குளிர்காலத்துல வாங்க தாத்தா, பூநாரை கூட்டமா வரும்" என்று கையை விரித்துக் காட்டினாள். நீண்ட கால்களை உடைய அந்தப் பறவைகளுக்காக, தனுஷ்கோடியில் 2025-ல் ஒரு சரணாலயமே அறிவித்திருக்கிறார்கள்.

என் பையில் இருந்த பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். இருட்டும் முன்பே போலீஸார் எல்லோரையும் முனையில் இருந்து திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மாலை ரயிலில் மதுரை திரும்பினேன்.

செல்வங்களே, தெரியாத ஒன்றை யாராவது கேட்டால், "எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டு சொல்கிறேன்" என்று சொல்லப் பழகுங்கள். அதில் வெட்கமே இல்லை. நான் அன்று அப்படிச் சொல்லியிருந்தால், நாற்பது பிள்ளைகள் தவறான பாடத்தோடு வீட்டுக்குப் போயிருக்கமாட்டார்கள்.

மூன்றாவது பெஞ்சு மாணவன் இப்போது எங்கே இருக்கிறானோ தெரியவில்லை. அவனுக்கும் உங்கள் வயதில் பிள்ளைகள் இருக்கலாம். உங்கள் அப்பா எப்போதாவது, 'எங்க சார் தனுஷ்கோடியில யாருமே இல்லைன்னு சொன்னார்' என்று சொன்னால், அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். சார் இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம், அங்கே மனிதர்கள் இருக்கிறார்களாம் என்று சொல்லுங்கள்!