பழைய போன் வாங்குறீங்களா? அந்த 15 இலக்கத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க!

மண்ணூர், ஒரகடம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி ஷிஃப்ட்டுக்குப் போறவங்களுக்கு இந்த டயலாக் புதுசு இல்ல. "மச்சி, தெரிஞ்ச பையன் போன் விக்கிறான். பில் மட்டும் இல்ல... பாதி விலைதான்!"

காசு கொடுக்குறதுக்கு முன்னாடி அந்த போன்ல *#06# டயல் பண்ணுங்க. திரையில 15 இலக்க எண் ஒண்ணு வரும். அதுதான் ஐ.எம்.இ.ஐ. இரண்டு சிம் போன்னா இரண்டு எண் வரும். முதல் 8 இலக்கம் மாடலைக் குறிக்கும், அடுத்த 6 அந்த போனுக்கே உரிய வரிசை எண். கடைசி இலக்கம்? அது முதல் 14-க்கும் காவல்காரன்!

கணக்கு இதுதான்

உதாரணத்துக்கு 123456789012347-ஐ எடுத்துக்குவோம். இடமிருந்து 2, 4, 6 என இரட்டைப்படை இடங்கள்ல இருக்குற இலக்கங்களை மட்டும் இரண்டால் பெருக்குங்க. விடை இரண்டு இலக்கமா வந்தா, அந்த இரண்டையும் கூட்டிக்கோங்க (12 என்றால் 1+2=3). இந்த இடங்களோட கூட்டுத்தொகை 34. ஒற்றைப்படை இடங்கள்ல கடைசியைத் தவிர மற்றவை 29. மொத்தம் 63. கடைசி 7-ஐச் சேர்த்தா 70. பத்தால் மீதியில்லாம வகுபடுதா? எண் பாஸ்!

ஐ.பி.எம்-ல வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன், 1960-ல் காப்புரிமை பெற்ற முறை இது. உங்க டெபிட் கார்டு எண்ணும் இதே கணக்குலதான் ஓடுது.

ஒரே ஒரு இலக்கம் தப்பா டைப் ஆனாலும் கூட்டுத்தொகை மாறிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் மாட்டிக்கும். விதிவிலக்கு 09-ம் 90-ம். நம்ம உதாரணத்துல இருக்குற 90-ஐ 09 ஆக்கிப் பாருங்க, அப்பவும் 70 தான்!

பாஸ் ஆனா போதுமா?

போதாது மக்களே. இந்தக் கணக்கு கைத்தவறைப் பிடிக்கும், களவைப் பிடிக்காது. வாய்க்கு வந்த 15 இலக்கத்தைச் சொன்னாலும் பத்துல ஒண்ணு பாஸ் ஆகிடும். நல்ல போனோட எண்ணை அப்படியே காப்பி அடிச்சா, அதுவும் பாஸ்தான்.

அதனால, ஆங்கிலத்துல கே.ஒய்.எம்-னு டைப் பண்ணி, இடைவெளி விட்டு, ஐ.எம்.இ.ஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்புங்க. மே 2023-ல் வந்த மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்துலயும் பார்க்கலாம். மாடல் பெயர் கையில இருக்குற போனோட ஒத்துப்போகணும். 'பிளாக் லிஸ்ட்', 'டூப்ளிகேட்'னு பதில் வந்தா, போனைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுங்க.

7, 8-வது இலக்கத்தை வெச்சு எந்த நாட்டுல செஞ்ச போன்னு கண்டுபிடிக்கலாம்னு ஒரு பழைய ஃபார்வர்டு சுத்துச்சே... அது சும்மா. ஸ்ரீபெரும்புதூர்ல செஞ்சதா, சீனாவுல செஞ்சதான்னு அந்த எண் சொல்லாது.

இப்பவே உங்க போன்லயும் *#06# அடிச்சு, வர்ற எண்ணை ஒரு நோட்டுல எழுதி வைங்க. நாளைக்கு பஸ்ல போன் காணாமப் போனா, அதை பிளாக் பண்ண முதல்ல கேட்கப்போறது அந்த எண்ணைத்தான்!