விபத்தும் முன்பே இருந்த நோயும்: இழப்பீடு கோருவோர் அறிய வேண்டியவை

விபத்து எவரிடமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. விபத்துக்குள்ளாகும் உடலும் எப்போதும் நோயற்ற உடலாக இருப்பதில்லை. நடுத்தர வயதைக் கடந்தவர்களுள் பலருக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், இதயக் கோளாறு என ஏதேனும் ஒன்று இருக்கிறது. அத்தகைய ஒருவர் சாலையில் விழுந்து காயமுற்றால், நேர்ந்த இழப்புக்குக் காரணம் விபத்தா, முன்பே இருந்த நோயா என்னும் கேள்வி எழுகிறது. இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே இழப்பீடு கிடைப்பதும் மறுக்கப்படுவதும் அமைகின்றன. ஆகவே, இவ்விஷயத்தில் விதிகள் கூறுவதை நாம் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

விபத்துக் காப்பீடு எதை ஈடு செய்கிறது?

வங்கி வாடிக்கையாளர்கள் பலரும் அறிந்த பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவை முதலில் எடுத்துக்கொள்வோம். 18 முதல் 70 வயது வரையிலான கணக்குதாரர்கள் இதில் சேரலாம். ஆண்டுப் பிரீமியம் 20 ரூபாய். விபத்தினால் மரணம் நேர்ந்தாலோ, இரு கண்களோ இரு கைகளோ இரு கால்களோ முற்றிலும் செயலிழந்தாலோ 2 லட்சம் ரூபாயும், ஒரு கண்ணின் பார்வையோ ஒரு கையோ ஒரு காலோ மீளாத வகையில் பறிபோனால் 1 லட்சம் ரூபாயும் வழங்கப்படும். மருத்துவமனைச் செலவு இத்திட்டத்தில் அடங்காது.

இத்திட்டத்தில் சேரும்போது உடல்நலம் குறித்த சோதனை ஏதும் இல்லை. நீரிழிவு உள்ளவரும் இதய நோயாளியும் தடையின்றிச் சேரலாம். ஆயினும் விபத்து என்பதற்குத் திட்டம் தரும் விளக்கத்தைக் கவனிக்க வேண்டும். திடீரென, எதிர்பாராது, புறத்தேயிருந்து வந்து தாக்கும் நிகழ்வே விபத்து. மாரடைப்பினால் நேரும் மரணம் இதில் சேராது.

எக்காரணத்தால் நேரும் மரணத்துக்கும் 2 லட்சம் ரூபாய் வழங்குவது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனா. அதன் ஆண்டுப் பிரீமியம் 436 ரூபாய். சேர்வதற்கான வயது 18 முதல் 50 வரை. நோயுள்ளவர்கள் இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்து, தகுதி இருப்பின் இரண்டிலும் சேர்ந்திருப்பது விவேகம்.

நீதிமன்றம் வகுத்த எல்லை

2019ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய இரு தீர்ப்புகள் இவ்வெல்லையைத் தெளிவாக்குகின்றன. முதலாவது, வீட்டுக் கடனுடன் இணைந்த காப்பீட்டைப் பற்றியது. மொசாம்பிக் நாட்டில் பணிபுரிந்த ஒருவர் மலேரியாவால் இறந்தார். கொசுக்கடி எதிர்பாராத ஒன்று, எனவே அது விபத்தே என அவர் குடும்பத்தினர் வாதிட்டனர். மலேரியா பரவலாக உள்ள நாட்டில் இயல்பான போக்கில் தொற்றும் நோயை விபத்தாகக் கொள்ள இயலாது என நீதிமன்றம் கூறியது.

இரண்டாவது வழக்கில், மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்த ஒருவர் மார்புவலி கண்டு கீழே விழுந்து, மாரடைப்பால் இறந்தார். அவர் விழுந்தது உண்மை. ஆனால் விழுந்ததால் ஏற்பட்ட காயமே மரணத்துக்குக் காரணம் என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே ஆயுள் காப்பீட்டுடன் இணைந்த விபத்துப் பலன் மறுக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. நோய் இருந்தது என்பது மட்டுமே கோரிக்கையை வீழ்த்திவிடுவதில்லை. காயத்துக்கும் இழப்புக்கும் இடையேயான தொடர்பு நிறுவப்படாமையே வீழ்த்துகிறது. நீரிழிவு உள்ள ஒருவரின் கால் வாகனத்தில் நசுங்கி, பின்னர் அகற்றப்பட்டதாக வைத்துக்கொள்வோம். நசுங்கிய காயமே தொடக்கம் என்பதை மருத்துவப் பதிவுகள் காட்டினால் அவர் கோரிக்கை வலுப்பெறும். ‘நீரிழிவுப் புண்’ என்று மட்டும் பதிவாகியிருந்தால் அது வலுவிழக்கும்.

சாலை விபத்து இழப்பீடு

பிறருடைய கவனக்குறைவால் சாலை விபத்து நேர்ந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். இங்கு அளவுகோல் வேறு. பாதிக்கப்பட்டவர் எந்நிலையில் இருந்தாரோ, அந்நிலையிலேயே அவரைத் தவறிழைத்தவர் ஏற்றாக வேண்டும் என்பது சட்டத்தின் நெடுங்காலக் கொள்கை. எலும்புத் தேய்மானம் உள்ளவருக்குச் சிறிய மோதலாலேயே பெரிய முறிவு ஏற்பட்டதெனில், ‘திடமானவராக இருந்திருந்தால் முறிந்திராது’ என்னும் வாதம் எளிதில் எடுபடாது. ஆயினும் விபத்துக்கு முன்பே இருந்த குறைபாட்டுக்கு இழப்பீடு கோர இயலாது. விபத்தால் கூடுதலாக நேர்ந்த பாதிப்புக்கே கோரலாம்.

உடலின் குறைபாட்டு விழுக்காடும் வருவாய் இழப்பு விழுக்காடும் ஒன்றல்ல என உச்ச நீதிமன்றம் 2010இல் விளக்கியுள்ளது. ஒரு கையை இழந்த ஓட்டுநர் அல்லது தச்சரின் வருவாய் ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விடலாம். அதே இழப்புக்குள்ளான அரசு எழுத்தர் பணியில் தொடர இயலும். எனவே, விபத்துக்கு முன் நோயுடனேயே தாம் முழுமையாக உழைத்து வந்ததை ஊதியச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றால் காட்டுவது பயன் தரும்.

மருத்துவக் காப்பீட்டில் உண்மையை மறைத்தல் கூடாது

2024 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாது. பாலிசி தொடங்கியவுடன் வரும் 30 நாள் காத்திருப்பு, விபத்துச் சிகிச்சைக்குப் பொருந்தாது. தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்தால், மோசடி நிறுவப்பட்டாலன்றி, நோயைத் தெரிவிக்கவில்லை என்னும் காரணத்தால் கோரிக்கையை மறுக்க இயலாது. அக்காலத்துக்கு முன், மறைக்கப்பட்ட நோய் வெளிப்பட்டால் கோரிக்கையோடு பாலிசியும் பறிபோகலாம். சிறிது பிரீமியம் கூடினாலும் உண்மையை எழுதுவதே பாதுகாப்பு.

செய்ய வேண்டியவை

• மருத்துவமனையை அடைந்தவுடன், எங்கே, எப்போது, எவ்வாறு விபத்து நேர்ந்தது என்பதைத் தெளிவாகக் கூறி, விபத்துப் பதிவேட்டில் இடம்பெறச் செய்தல் வேண்டும்.

• முன்பே உள்ள நோயையும், உட்கொள்ளும் மருந்துகளையும் மருத்துவரிடம் மறைத்தல் கூடாது. உயிர்காக்கும் சிகிச்சைக்கு அது இன்றியமையாதது.

• முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை, மாற்றுத்திறன் சான்று ஆகியவற்றை உரியவாறு பெற வேண்டும். உடற்கூறாய்வு வேண்டாமெனத் தவிர்க்கும் குடும்பத்தினர் பின்னர் மரணக் காரணத்தை மெய்ப்பிக்க இயலாமல் தவிக்க நேரிடும்.

• விபத்துக்கு முந்தைய பரிசோதனை அறிக்கைகளைப் பாதுகாக்க வேண்டும். நோய் கட்டுக்குள் இருந்ததற்கு அவையே சான்று.

• சுரக்ஷா பீமா கோரிக்கையை, இயன்றவரை விபத்து நேர்ந்த 30 நாட்களுக்குள் கணக்கு உள்ள கிளையில் அளிக்க வேண்டும்.

• ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதியில் பிரீமியத்துக்குரிய தொகை கணக்கில் இருக்க வேண்டும். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1இல் தொடங்குகிறது.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

மறுப்புக்கான காரணத்தை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். ‘முன்பே இருந்த நோய்’ என்று மட்டும் குறிப்பிட்டிருந்தால், எந்த மருத்துவச் சான்றின் அடிப்படையில் அம்முடிவு எட்டப்பட்டது எனக் கேளுங்கள். சிகிச்சையளித்த மருத்துவரிடம், காயத்துக்கும் இழப்புக்கும் உள்ள தொடர்பை விளக்கும் சான்று பெற்று, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார்.

இவ்விதழைப் படித்து முடித்ததும் ஒரு செயலைச் செய்யுமாறு வேண்டுகிறோம். தங்கள் பெயரில் உள்ள காப்பீடுகள் எவை, நியமனதாரர் யார், மருத்துவ அறிக்கைகள் எங்கே உள்ளன என்பவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டில் உள்ளோரிடம் இன்றே கொடுத்து வையுங்கள். கோரிக்கைப் படிவத்தை நிரப்ப வேண்டிய நாளில் வழிகாட்டுவது அந்தத் தாளே.