அன்னபூரணி கற்பிக்கும் பாடம்

யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையிற் கப்பல் கட்டுதலும் பாய் விரித்து ஓட்டுதலும் ஏட்டிற் கற்ற வித்தைகள் அல்ல; தந்தையின் கையிலிருந்து மைந்தனின் கைக்கு வந்த கல்வி அது. மேத்திரியார் மரத்தின் இயல்பை அறிவார். தண்டையல் காற்றையும் விண்மீனையும் அறிவார்.

அக்கல்வியின் திறத்தை உலகுக்குக் காட்டியது ‘அன்னபூரணி’. அங்கே வேப்பமரத்தாற் கட்டப்பெற்ற அப்பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வை மாலுமிகள் பணிபுரிய, அது சூயஸ் கால்வாயைக் கடந்து, அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது.

இன்று அவ்வூரிற் பெரும் பாய்க்கப்பல்கள் கட்டப்படுவதில்லை. கைவழி வந்த கல்வி, கை ஓய்ந்தால் மறையும். முதியோர் நினைவில் எஞ்சியிருப்பதையேனும் கேட்டு எழுதிவைத்தல் இளையோரின் கடனாகும்.