எண்ணெய்க் கிணறு

கொட்டாஞ்சேனையில் மாலை வகுப்பொன்றிலே தொகைநிலைத் தொடர் கற்பித்துக்கொண்டிருந்தேன். தயிர்க்குடம், பொற்குடம் என்னும் பழைய உதாரணங்கள் எனக்கே அலுத்துவிட்டமையால், 'எண்ணெய்க் கிணறு' என்று கரும்பலகையில் எழுதி விரிக்கச் சொன்னேன். "எண்ணெயை உடைய கிணறு" என்றான் ஒருவன். இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, விடை சரி. "அத்தகைய கிணறு எங்கே உண்டு?" என்றேன், அரபு நாடுகளின் பெயரை எதிர்பார்த்து. கடைசி வாங்கிலிருந்த மாணவி எழுந்து, "சுன்னாகத்தில், ஐயா" என்றாள். வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

எம்போன்ற பண்டிதர்களுக்குச் சுன்னாகம் என்றால் குமாரசுவாமிப் புலவரே நினைவுக்கு வருவார். 1854இல் அவ்வூரிற் பிறந்து 1922 வரை வாழ்ந்து தமிழ் வளர்த்தவர் அவர். அவர் ஊரின் பெயர் நிலத்தடி நீர் வழக்கொன்றின் பெயராகச் சட்ட நூல்களில் ஏறும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறென்று பெயர் பெற்றது வழுக்கியாறு ஒன்றே. அதுவும் மாரியில் மாத்திரம் ஓடும். ஆகவே நிலத்தடி நீரே அங்கே உயிர். அடியில் சுண்ணாம்புக்கல், அக்கல்லின் வெடிப்பிலும் குடைவிலும், கீழே உவர்நீர் கிடக்க, அதன்மேல் மழை தந்த நன்னீர் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. துலாவிட்டு இறைத்த காலத்திலும் மோட்டார் பூட்டிய காலத்திலும் நீர் அதுவேதான். மேல்மண் மெல்லியது. மணல் வடிகட்டுவதுபோலச் சுண்ணாம்புக்கல் வடிகட்டுவதில்லை. நிலத்தில் ஊற்றியது எதுவோ அது கிணற்றுக்கு வழி கண்டுகொள்ளும்.

அவ்வாறு வழி கண்டது மின்னிலையத்துக் கழிவெண்ணெய். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினர் 2013 நவம்பர் தொடக்கம் 2014 யூலை வரை, மின்னிலையத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றர் வட்டத்துள் 150 கிணறுகளைச் சோதித்தனர். அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் விதித்த அளவைக் கடந்திருந்தன. நான்கு கிணற்றுக்கு ஏறக்குறைய மூன்று!

'விதித்த அளவு' என்றேன். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் குடிநீருக்கென்று 614ஆம் இலக்கக் கட்டளையை 1983இல் வெளியிட்டு, 2013இல் திருத்தியது. அதனை நீருக்கு எழுதிய நன்னூல் என்பேன். நிறம் இவ்வளவு, உப்பு இவ்வளவு, நைத்திரேற்று இவ்வளவு என்று சூத்திரம் சூத்திரமாக வகுத்திருக்கிறார்கள். வெள்ளவத்தையில் என் வீட்டுக் குழாயைத் திருகும்பொழுது லபுகமவிலிருந்தோ களனி கங்கையிலிருந்தோ வரும் நீரை அவ்விலக்கணம் கொண்டு சோதிக்கச் சம்பளம் பெறுவோர் உளர். முற்றத்துக் கிணற்று நீரை அவ்வாறு நாள்தோறும் யார் சோதிப்பார்? குடிப்பவரின் மூக்கும் நாக்குமே அங்கே பரிசோதகர்கள்.

இனித்தான் விபரீதம். 2015இல் மக்கள் போராட்டத்தில் இறங்கினர். பவுசர்களில் வந்த நீருக்காக வாளிகளுடன் வரிசையில் நின்றனர். வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ, அபாயகரமான மாசு காணப்படவில்லை என்று அறிக்கை தந்தது. ஒரே ஊர், ஒரே நீர். அறிக்கைகளோ ஒன்றையொன்று மறுத்தன. நூலுக்கு இரண்டு உரையாசிரியர் மாறுபட உரை கண்டால் நாம் இன்புற்று வாதிடுவோம்; ஒரு தலைமுறை வாதிட்டாலும் நட்டமில்லை. உலையில் அரிசியிடக் காத்திருக்கும் தாய் எந்த உரையைக் கொள்வாள்?

அதே 2015இல், 141ஆம் இலக்க அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்தில் தாக்கலாயிற்று. தாக்கல் செய்தவர் சிங்களச் சூழலியலாளர் ஒருவர். இதனை நம்மவர் பலர் அறியார். அறிந்தோரும் உரத்துச் சொல்வதில்லை. 2019 ஏப்பிரல் 4ஆந் திகதி தீர்ப்பு வந்தது. மின்னிலையத்தை நடத்திய தனியார் கம்பனியின் செயற்பாட்டால் நிலத்தடி நீர் மாசடைந்தது என்பதே நீதிமன்றத்தின் முடிபு. நிபுணர் குழுவின் அறிக்கை அதனைத் தடுக்கவில்லை. கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்களும் கடமை தவறின என்றது நீதிமன்றம். மாசுபடுத்தியவரே ஈடுசெய்க என்னும் நியாயப்படி 2 கோடி ரூபா செலுத்தக் கம்பனி பணிக்கப்பட்டது. பாதிப்புற்ற கிணற்றுக்குரியோருக்கு ஆளுக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல் பகிர வேண்டும். ஐந்நூறு பேருக்கு வகுத்தால் பணம் தீர்ந்துவிடும். ஒரு கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க அது ஓரளவு போதலாம். கல்லின் குடைவுக்குள் இருப்பதை இறைக்கக் கூலி கணக்கிட்டவர் இல்லை.

குமாரசுவாமிப் புலவர் பிறந்த அதே 1854இலேதான் இலண்டனில், புரோட் வீதியைச் சூழ வாந்திபேதி கொன்றவர்களின் வீடுகளைப் படத்திற் குறித்து, நோய் அவ்வீதிப் பம்பி நீரால் வருகின்றது என்று யோன் சினோ என்னும் வைத்தியர் காட்டினார். பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. அவருக்குக் கழற்ற ஒரு கைபிடி இருந்தது. சுன்னாகத்திலோ வீட்டுக்கு வீடு கிணறு. கொழும்புக்கு அண்மையில், வெலிவேரிய இரத்துபஸ்வலவிலும் தொழிற்சாலை கிணற்றைக் கெடுத்ததென்று மக்கள் தூய நீர் கேட்டார்கள். 2013 ஓகஸ்ட் முதலாந் திகதி துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தனர். அவர்கள் சிங்களவர். கெட்ட நீருக்கு மொழி தெரியாது போலும்.

வகுப்பு முடிந்தபின் அம்மாணவியைத் தனியே நிறுத்தி வினவினேன். அவள் சிறு பிள்ளையாயிருந்தபொழுது வீட்டுக் கிணற்று நீரில் வானவில் தெரிந்ததாம். அழகாயிருக்கிறதென்று கை தட்டினாளாம். அம்மம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து, வாளியை வேலியோரம் கவிழ்த்தாராம்.

"இப்பொழுதும் எண்ணெய் தெரிகிறதா?" என்றேன்.

"தெரிவதில்லை, ஐயா. ஆனாலும் அம்மம்மா வெள்ளைக் கோப்பையில் வார்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் அடுப்பில் வைக்கிறா."