போர் நிறுத்தம் முறிந்தால்?

தோட்டத்து நேயர்களே, லயத்தில் அடுத்தடுத்த வீட்டார் இருவர் வேலித் தகராறில் கைகலந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கூடிச் சமாதானம் செய்கிறார்கள். ஒரு வாரத்தில் ஒருவர் சொல்லை மீறி வேலியைப் பிடுங்குகிறார். மற்றவர் தம் வேலியைக் காக்கலாம், அதில் ஐயமில்லை. 'அவர்தான் மீறிவிட்டாரே' என்று எதிராளியின் வீட்டுக்குத் தீ வைக்கலாமா? நாடுகளுக்கிடையே எழும் கேள்வியும் இதுதான்.

1907-இல் ஹேக் நகரில் வகுத்த விதிகள் தாராளமானவை. ஒரு தரப்பு போர் நிறுத்தத்தைக் கடுமையாக மீறினால் மறுதரப்பு உடன்பாட்டை ரத்துச் செய்யலாம். அவசரமானால் உடனே சண்டையைத் தொடரலாம். தனி ஆட்கள் தம் இஷ்டத்துக்கு மீறியிருந்தால் மட்டும், அவர்களைத் தண்டிக்கச் சொல்லலாம், நட்டஈடு கேட்கலாம், அவ்வளவே. 1945-இல் ஐ.நா. சாசனம் வந்ததும் பிடி இறுகியது. தாக்கப்பட்ட நாடு தன்னைக் காத்துக்கொள்ளலாம். அல்லது பாதுகாப்பு மன்றம் அனுமதிக்க வேண்டும். மற்றபடி படைபலம் கூடாது.

நம் நாடே இதைப் பட்டறிந்தது. மலேசியா அமைந்ததை எதிர்த்த இந்தோனீசியா, 1964 ஜனவரியில் போர் நிறுத்தம் அறிவித்தது. ஊடுருவலோ நிற்கவில்லை. ஆகஸ்ட் 17-இல் பொந்தியான் கரையில் ஆட்கள் இறங்கினர். செப்டம்பர் 2-இல் ஜொகூரில் லாபிஸ் பக்கம், ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த பகுதியில், ஏறக்குறைய நூறு பேர் பாராசூட்டில் குதித்தனர். மலேசியா வந்தவர்களைத் தேடிப் பிடித்தது. ஜகார்த்தாமீது குண்டு வீசவில்லை. பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் பிடிபட்ட ஆயுதங்களையே அங்கே காட்டினார். நார்வேயின் தீர்மானத்துக்கு ஒன்பது நாடுகள் ஆதரவு, இரண்டு எதிர்ப்பு. எதிர்த்தவற்றில் ஒன்று சோவியத் யூனியன். அதன் ரத்து அதிகாரத்தால் தீர்மானம் விழுந்தது. (போர்னியோ எல்லையில் பிரிட்டிஷ் படைகள் ரகசியமாக அப்பால் சென்றதும் உண்டு, அது பிற்பாடுதான் வெளியே வந்தது.) சமாதான உடன்படிக்கை 1966 ஆகஸ்ட் 11-இல் கையெழுத்தானது.

ஈராக் விஷயம் வேறு. குவைத்தை மீட்கப் படைபலம் பயன்படுத்த 1990-இல் 678-ஆம் தீர்மானம் அனுமதித்தது. 1991-இல் 687-ஆம் தீர்மானம் நிபந்தனைகளோடு போர் நிறுத்தம் வகுத்தது. ஈராக் நிபந்தனைகளை மீறியதால் பழைய அனுமதி மறுபடி உயிர்பெற்றது என்று அமெரிக்காவும் பிரிட்டனும் வாதாடி 2003 மார்ச்சில் படையெடுத்தன. இந்த வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. போர் நிறுத்தத்தின் நிபந்தனைகளை வகுத்தது பாதுகாப்பு மன்றம். மீறினால் என்ன செய்வது என்று தீர்மானிக்க வேண்டியதும் அதுவே. அந்தப் படையெடுப்பு சாசனத்துக்கு ஒத்ததல்ல, சட்டவிரோதம் என்று ஐ.நா. தலைமைச் செயலாளர் கோபி அன்னான் 2004 செப்டம்பரில் சொன்னார். அதற்குள் போர் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஓடியிருந்தது.