சுவருக்கும் உண்டு சிங்காரம்

தீபாவளி நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் முதலில் கண்ணில் படுவது சுவர்தான். தோட்டத்து லயங்களில் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, சிறிது நீலம் கலந்து, மட்டைத் தூரிகையால் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. சிங்கப்பூரின் சுவா சூ காங் அடுக்குமாடி வீடுகளிலோ கூடத்துச் சுவர் ஒன்றையாவது மணல் மணலாக, அலை அலையாக, பழைய கல்லைப்போல அலங்கரிக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. ஆசை நல்லதே. உழைத்துச் சேர்த்த பணத்தைச் சுவரில் பூசும் முன்பு செய்முறையைத் தெரிந்துகொள்வது அதைவிட நல்லது.

சுவா சூ காங்கும் ஒரு காலத்தில் தோட்டக்காடுதான். மிளகும் கேம்பியரும் அங்கே பயிராயின. ஆற்றோரத் தோட்டங்களின் தலைவரைக் 'காங் சூ' என்பார்கள். 'சுவா' என்பது ஒரு சீனக் குலப்பெயர். இன்று அது அடுக்குமாடிகள் நிறைந்த நகரம். பெருவிரைவு ரயில் அங்கே வந்தது 1990இல்.

நம்மவர் கைவண்ணம்

சுவர் அலங்காரம் மேல்நாட்டார் கற்றுக்கொடுத்தது என்று எண்ணிவிடாதீர்கள். சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூஸ் பேராலயத்தை 1856 முதல் 1861 வரை கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் உட்சுவருக்கு அவர்கள் பூசியது 'மெட்ராஸ் சுண்ணம்'. சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக் கருவையும் வெல்லச் சர்க்கரையையும் அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்தார்கள். பூச்சு காய்ந்ததும் உருண்டைக் கற்களால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடி போன்ற சுவர்களும் இதே வகைச் சுண்ணாம்புக் கலையில் பிறந்தவைதான்.

முதலில் ஈரத்தைப் பாருங்கள்

பெயிண்ட் உப்பி உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரம். சுவரில் கருமையான பூஞ்சையோ வெண்மையான உப்புப் பூப்போ தெரிந்தால், நீர் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடித்து முதலில் அதை அடையுங்கள். மேலே பூசி மறைத்தால் சில மாதங்களில் எல்லாம் உதிர்ந்து, பணமும் வீணாகும். நவம்பர், டிசம்பர் மழைக்காலத்தில் பூச்சு மெதுவாகத்தான் காயும். ஆகவே தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கிவிடுங்கள்.

செய்யும் முறை

1. சுவரைக் கழுவி உலரவிடுங்கள். விரிசல்களைப் பட்டியால் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொள்ளுங்கள்.

2. பிரைமர் ஒரு பூச்சு. அதன்மேல் இளநிற எமல்ஷன் இரண்டு பூச்சு. ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது.

3. சற்று அடர்ந்த நிறத்தை நீர் விட்டு இளக்குங்கள். ஈரப்பஞ்சை அதில் தோய்த்துப் பிழிந்து, மெல்ல ஒற்றுங்கள். கையைத் திருப்பித் திருப்பி ஒற்றினால் ஒரே அச்சு திரும்ப வராது.

4. மேடு பள்ளமாக வேண்டுமானால் கெட்டியான அலங்காரக் கலவையைக் கொத்துக் கரண்டியால் மெல்லியதாகப் பரப்பி, ஈரம் இருக்கும்போதே சீப்பால் கோடு இழுக்கலாம். சுவரின் ஒரு மூலையில் தொடங்கி, நடுவில் நிறுத்தாமல் மறுமூலை வரை முடித்துவிடுங்கள். நிறுத்தினால் ஒட்டு தெரியும்.

எதையும் முதலில் பழைய பலகையில் பழகிப் பாருங்கள்.

கவனத்திற்கு

கரடுமுரடான சுவரில் தூசி தங்கும். ஆஸ்துமா உள்ள குழந்தைகள் படுக்கும் அறைக்கும், எண்ணெய்ப் புகை படியும் அடுக்களைக்கும் வழவழப்பான பூச்சே ஏற்றது. மேடு பள்ளமான பூச்சைப் பிறகு நீக்குவது கடினம்; எனவே ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் புதிய அடுக்குமாடி வீடுகளில் உள்ள பாதுகாப்பு அறையின் உட்சுவரில் சாந்துப் பூச்சு கூடாது என்பது விதி. வேலை நடக்கும்போது சன்னல்களைத் திறந்தே வையுங்கள்.

விலை உயர்ந்த டின்னால் மட்டும் அழகு வந்துவிடாது. முட்டையும் வெல்லமும் சுண்ணாம்பும் கொண்டு ஒரு பேராலயத்தையே மினுக்கிய கைகளுக்குத் துணையாக இருந்தது பொறுமைதான். குடும்பமாகக் கூடி, ஒரு விடுமுறை நாளில் ஒரு சுவரில் தொடங்குங்களேன்!